கடைவீதியில் சைக்கிளுக்கும் இடம் வேண்டும்



மாலையில் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் நமதூர்க் கடைவீதியைக் கவனித்துப் பாருங்கள். இருபுறமும் கார்களும் பைக்குகளும் நிற்கின்றன. நடுவில் பஸ், லாரி, ஆட்டோ. அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் வீடு திரும்பும் நம் பிள்ளைகள் இந்த இரண்டுக்கும் இடையில்தான் புகுந்து போகிறார்கள். நிற்கும் காரின் கதவு திடீரென்று திறந்தால், தட்டுப்படும் பிள்ளை விழுவது பஸ் வரும் பக்கம்.

சைக்கிளுக்குத் தனிப்பாதை வேண்டும் என்று பெற்றோர் கேட்கிறார்கள். வண்டி நிறுத்த இடமில்லையென்றால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார் என்று வியாபாரிகள் அஞ்சுகிறார்கள். பிள்ளையும் நம்முடையது, கடையும் நம்முடையது. ஆகவே இரண்டுக்கும் இடம் பிரிக்க என்ன வழி என்பதை இங்கே விளக்குகிறோம்.

அகலக் கணக்கு

நடைபாதையை விட்டுவிட்டு, சாலை மட்டும் 12 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். இருபுறமும் வண்டி நிறுத்தினால் 2 மீட்டர் வீதம் 4 மீட்டர் போய்விடும். போக 3, வர 3 என்று வாகனங்களுக்கு 6 மீட்டர். மிச்சம் 2 மீட்டர்தான். அதை இரண்டாகப் பிரித்தால் சைக்கிளுக்குப் பக்கத்துக்கு 1 மீட்டர் கிடைக்கும். பக்கத்திலேயே கார்க் கதவு திறக்கும் இடத்தில் அது போதாது.

ஒரு பக்கம் மட்டும் வண்டி நிறுத்தினால் கணக்கு மாறுகிறது. நிறுத்தத்துக்கு 2, வாகனங்களுக்கு 6, சைக்கிளுக்கு இருபுறமும் ஒன்றரை மீட்டர் வீதம் 3. மீதி 1 மீட்டரில், கார்க் கதவு திறக்கும் பக்கம் 70 சென்டிமீட்டர் இடைவெளி விடலாம்; எதிர்ப்பக்கம் 30 சென்டிமீட்டரில் தடுப்பு வைக்கலாம். நிறுத்தம் முழுதாகப் போகவில்லை, பாதிதான் போகிறது.

எது எங்கே இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். கடை ஓரத்தில் சைக்கிள் பாதை, அதற்கு அடுத்து நிற்கும் வண்டிகள், அதற்கு அப்பால் ஓடும் வாகனங்கள். இப்படி அமைத்தால் நிற்கும் காரே பிள்ளைக்குச் சுவராகிவிடும். நம் நாட்டில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். இடது ஓரமாக நிற்கும் காரில் அவர் மட்டும் வந்திருந்தால், அவர் திறக்கும் கதவு சைக்கிள் பக்கம் வராது.

வியாபாரம் குறையுமா?

இந்தக் கேள்விக்குக் கனடாவின் டொராண்டோ நகரில் எண்ணிப் பார்த்தே பதில் தேடினார்கள். அங்கே ப்ளோர் தெரு என்று ஒரு பெரிய கடைவீதி. அதன் ஒரு பகுதியில் நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. கடைக்கு வந்தவர்களில் காரில் வந்தவர்கள் பத்தில் ஒருவர்தான். நடந்தும் சைக்கிளிலும் வந்தவர்களே அடிக்கடி வந்தார்கள். மாதக் கணக்கில் பார்த்தால் அதிகம் செலவழித்தவர்களும் அவர்களே.

2016 ஆகஸ்டில் அந்தத் தெருவில் 2.4 கிலோமீட்டருக்குச் சோதனையாகச் சைக்கிள் பாதை போட்டார்கள். வண்டி நிறுத்தத்தை ஒரு பக்கம் மட்டும் வைத்தார்கள். பிறகு கணக்கெடுத்தபோது வாடிக்கையாளர் எண்ணிக்கையும் அவர்கள் செலவும் குறையவில்லை, கூடியிருந்தன. 2017 நவம்பரில் நகர மன்றம் அதை நிரந்தரமாக்கியது.

அந்தத் தெருவை ஒட்டியே மெட்ரோ ரயில் ஓடுகிறது. நமதூரில் அது இல்லை. ஆகவே அவர்களுடைய எண்களை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. முதலில் எண்ணு, பிறகு சோதித்துப் பார், அதன் பின் முடிவு செய் என்ற அவர்களுடைய முறையை எடுத்துக்கொள்ளலாம்.

சென்னை தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கியபோது, கார்களுக்கென்று அருகிலேயே பல அடுக்கு நிறுத்தம் கட்டினார்கள். அந்த நடைபாதை 2019இல் திறக்கப்பட்டது. சிறிய ஊர்களில் அப்படிக் கட்டப் பணம் இருக்காது. ஆனால் கடைவீதிக்குப் பின்னால் ஒரு காலி மனை இருந்தால் அதுவே போதும்.

இடத்தை அடைத்திருப்பது யார்?

காலை பத்து மணிக்குக் கடைவாசலில் ஒரு வண்டி நின்று இரவு எட்டு மணிக்குத்தான் கிளம்புகிறது என்றால், பத்து மணி நேரம் அந்த இடம் ஒருவருக்கே போய்விட்டது. அரை மணிக்கு ஒரு வண்டி என்று மாறினால் அதே இடத்தில் 20 வாடிக்கையாளர்கள் வந்து போகலாம். ஆகவே கடைக்காரர்களும் வேலை செய்பவர்களும் தங்கள் வண்டியைப் பின் தெருவில் நிறுத்தினாலே நிறைய இடம் கிடைத்துவிடும். சரக்கு இறக்குவதைக் கடை திறக்கும் முன்பே முடித்துவிடலாம். மருத்துவமனை, மருந்துக்கடை வாசலில் முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் இடம் ஒதுக்க வேண்டும். தள்ளுவண்டிக்காரரைச் சைக்கிள் பாதைக்காக விரட்டிவிடக் கூடாது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவருக்கும் இடம் காட்ட வேண்டும்.

நடைபாதையிலும் சைக்கிள் பாதையிலும் சாலைச் சந்திப்பை ஒட்டியும் வண்டி நிறுத்தக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகளிலேயே இருக்கிறது. முனையில் வண்டி நின்றால், திரும்பும் லாரிக்குச் சைக்கிளில் வரும் பிள்ளை தெரியாது.

நாம் செய்யக்கூடியவை

• ஒரு சாதாரண நாளிலும் ஒரு வெள்ளிக்கிழமையிலும் கடைவாசலில் நின்று, யார் நடந்து வந்தார், யார் எந்த வண்டியில் வந்தார் என்று எண்ணுவோம். எந்த வண்டி எவ்வளவு நேரம் நின்றது என்றும் குறிப்போம்.

• அந்தக் கணக்கோடு வியாபாரிகள் சங்கத்தையும் நகராட்சியையும் சந்திப்போம். முதலில் பெயின்ட் கோடும் தடுப்புகளும் வைத்து மூன்று மாதம் சோதித்துப் பார்க்கச் சொல்வோம்.

• ஜும்ஆவுக்கு வரும் நம் வண்டிகளும் பாதையை அடைக்கின்றன. பக்கத்தில் இருப்பவர்கள் நடந்து வரலாம். மற்றவர்கள் வண்டியைச் சற்றுத் தள்ளி, வழிவிட்டு நிறுத்தலாம். பிறரிடம் கேட்பதற்கு முன் நாம் செய்து காட்ட வேண்டியது இது.

• கார் ஓட்டுபவர்கள் வலப்பக்கக் கதவை இடது கையால் திறந்து பழகுங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். இதற்குச் செலவும் இல்லை, யாருடைய அனுமதியும் தேவையில்லை.

எண்ணும் பணியில் சேர விரும்பும் இளைஞர்கள் டிரஸ்ட் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். வியாபாரப் பெருமக்களும் ஒருவரை அனுப்பினால் கணக்கில் யாருக்கும் சந்தேகம் வராது. இன்ஷா அல்லாஹ், கணக்கு கையில் வந்ததும் கூடிப் பேசுவோம்.