உஷார்! பட்டாளத்துப் பித்தளையில் கை வைக்கும் முன்

2025 மார்ச்சில் எர்ணாகுளம் ஆயுதப்படை போலீஸ் (ஏ.ஆர்.) கேம்ப் சமையலறையில் வாணலிக்குள் கிடந்த தோட்டாக்கள் வெடித்தன. போலீஸ்காரர் ஒருவரின் இறுதிச் சடங்கில் மரியாதை வேட்டு போட எடுத்த வெற்றுத் தோட்டாக்கள் அவை. நெடுநாள் பெட்டியில் கிடந்ததால் பித்தளையில் களிம்பு ஏறியிருந்தது. வெயிலில் காயவைத்து எடுப்பதுதான் வழக்கம். அன்றைக்கு அவசரம். ஆயுதக் கிடங்குப் பொறுப்பில் இருந்தவர் அடுப்பைப் பற்றவைத்து, வாணலியில் போட்டுச் சூடாக்கிவிட்டார். நல்ல வேளை, யாருக்கும் அடிபடவில்லை.

துப்பாக்கியோடே குடித்தனம் நடத்துகிறவர்களுக்கே இந்தக் கதி என்றால், கைபேசியில் தோட்டா நிரப்பும் அமெரிக்க வீடியோ நாலு பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்களை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. இடுக்கி மாவட்டத்தில் சக்குபள்ளம், அணக்கரை, வண்டன்மேடு பக்கம் காட்டுப்பன்றித் தொல்லை ஊரறிந்தது. மரவள்ளியும் சேனையும் போட்டவன் விடிந்து பார்த்தால் உழுது போட்ட மாதிரி இருக்கும். அந்த எரிச்சலில் இருக்கிறவன் கையில் பழைய .303 ரைபிள் தோட்டாவின் காலி உறை நாலு சிக்கினால், ‘இதைச் சுத்தம் பண்ணி மறுபடி மருந்து அடைக்க என்ன கருவி நல்லது?’ என்றுதான் முதலில் தேடுவான். இந்தத் தேடலை இங்கேயே நிறுத்தச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். அமெரிக்காவில் தோட்டா உறையை வாங்கி வீட்டுப் பட்டறையில் திரும்ப நிரப்புவது பொழுதுபோக்கு. அதற்கென்றே கடைகள் இருக்கின்றன. இங்கே 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கக் கூடாது. தோட்டாவின் பாகங்களையும் அதைச் செய்யும் இயந்திரங்களையும் அந்தச் சட்டம் தோட்டா என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆன்லைனில் வரவழைத்த, தோட்டா அடைக்கும் கைப்பிரஸ் நாளைக்கு சாட்சிக் கூண்டுக்கு வரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றித் தயாரித்தால் குறைந்தது 7 ஆண்டு, கூடினால் ஆயுள். தனியாகக் கிடக்கும் சில்லறைப் பாகத்துக்கு 45ஆவது பிரிவு விலக்குத் தருகிறது உண்மைதான். ஆனால் மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இருக்கக் கூடாது. உறைக்குப் பக்கத்தில் மருந்தும், தட்டினால் பற்றும் கேப்பும் (பிரைமர்) இருந்தால் அந்த விலக்கு எங்கே நிற்கும்?

பட்டாளத்துச் சரக்கு என்றால் இன்னும் சிக்கல். கேரள போலீஸ் கணக்கில் 12,061 தோட்டாக்களைக் காணவில்லை என்று 2020 பிப்ரவரியில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சி.ஏ.ஜி.) அறிக்கை சொன்னபோது எத்தனை ரகளை நடந்தது என்று ஞாபகம் இருக்கும். படையில் சுட்டு முடித்த காலி உறைக்கும் கணக்கு உண்டு. அடியில் கே.எஃப். என்று கிர்க்கி தோட்டாத் தொழிற்சாலை முத்திரை இருக்கும் ஓர் உறை உங்கள் வீட்டுப் பரணில் எப்படி வந்தது என்று கேட்டால், தாத்தா பட்டாளத்தில் இருந்தார் என்பது முழுப் பதில் ஆகாது.

சட்டத்தை விட எனக்குப் பயம் பித்தளையின் மேல்தான். தோட்டா உறை நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இந்தக் கலவைக்கு ஒரு தீராப் பகை உண்டு: அம்மோனியா. இது தெரிய வந்ததே நம் நாட்டில்தான். வெள்ளைக்காரன் காலத்தில் மழைக்காலம் முழுக்கத் தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் உறைகளின் கழுத்தில் விரிசல். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஆவியும் ஈரமும் சேர்ந்து, வளைத்து இறுக்கிய பித்தளையை உள்ளிருந்து பிளந்திருக்கின்றன. காரணத்தை விளக்கி 1921இல்தான் ஆய்வு வந்தது. மழைக்காலத்தில் வந்த வினை என்பதால் ‘சீசன் கிராக்கிங்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இப்போது சக்குபள்ளத்தைப் பாருங்கள். மழையும் மூடுபனியும் மாறி மாறி. வீட்டை ஒட்டி மாட்டுத் தொழுவம். அதன் பரணில் சாக்கில் கட்டிப் போட்ட பித்தளை. லாயத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? விரிசல் சில நேரம் கண்ணுக்கே தெரியாது. சுடும்போது முகத்துக்கு ஓரடி தள்ளி அந்த உறை கிழிந்து, கொதிக்கும் வாயு பின்பக்கம் பாயும். பளபளப்புக்காகக் கடையில் வாங்கும் உலோகப் பாலிஷ் சிலவற்றிலும் அம்மோனியா இருக்கிறது. குத்துவிளக்குக்குச் சரி, தோட்டா உறைக்கு எமன்.

புளி போட்டுத் தேய்த்தால் போகாதா என்பார்கள். களிம்பு போகும். அதே நம்பிக்கையில் கக்கூஸ் கழுவும் ஆசிடை ஊற்றினால் துத்தநாகம் கரைந்து போய், இளஞ்சிவப்புத் திட்டாகச் செம்பு மட்டும் நிற்கும். அந்த இடத்தில் பலமே இருக்காது. அடுப்பில் சுட்டால்? உறையின் அடிப்பாகம் கெட்டியாக இருந்தால்தான் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும். சூடேறினால் அது இளகிவிடும். வெளியே பார்க்க முன்னைவிட அழகாகக்கூட இருக்கும்.

வீடியோக்காரர்கள் சுலபமாகத் தாண்டிப் போகிற இடம் ஒன்று உண்டு. பட்டாள உறையின் அடியில் இருக்கும் கேப்பை அசையாதபடி சுற்றிலும் குத்தி இறுக்கியிருப்பார்கள். வீடியோக்காரர்கள் சுத்தம் செய்வது அமெரிக்க அரசின் லேக் சிட்டி தொழிற்சாலை உறையை. அதில் நடுவில் ஒரே துளை, கேப்பைத் தள்ளி எடுக்க அதற்கேற்ற கருவியும் இருக்கிறது. பழைய .303 உறைகளில் பெரும்பாலும் ஓரமாக இரண்டு சிறு துளைகள். அந்தக் கருவி இங்கே செல்லாது. உடனே நம்ம ஆள் ஆணியும் சுத்தியலும் எடுப்பான். சுட்ட உறைகளுக்கு நடுவே சுடாத கேப்பு ஒன்று இருந்துவிட்டால் அந்த ஒரு தட்டு போதும், விரலுக்கும் கண்ணுக்கும். இயந்திரத் துப்பாக்கியில் சுட்ட உறை ஏற்கெனவே இழுபட்டு நீண்டிருக்கும். பட்டாள உறையின் சுவர் தடிமன் என்றால் உள்ளே இடம் குறைவு. அதே அளவு மருந்துக்கு அழுத்தம் எகிறும். இதையெல்லாம் அளந்து பார்க்க அங்கே கருவி இருக்கிறது, கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறது. இங்கே இரண்டும் இல்லை.

பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இன்னொன்று. சுட்ட உறைக்குள் படிந்திருக்கும் கரியில் ஈயம் இருக்கும். உலுக்கிச் சுத்தம் செய்யும்போது அது தூசியாகப் பறந்து துணியிலும் பாத்திரத்திலும் உட்காரும்.

பழைய சாமான் வாங்கும் ஆக்ரிக் கடைக்காரர்களே, பித்தளை கிலோவுக்கு நல்ல விலை போகிறது, தெரியும். ஆனால் 2004 செப்டம்பரில் காசியாபாத் பக்கம் ஓர் எஃகு ஆலையில், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்போடு கலந்திருந்த ஷெல்கள் வெடித்துத் தொழிலாளர் 10 பேர் செத்தார்கள். எடை போடும் முன் மூட்டையைக் கொட்டிப் பாருங்கள். தோட்டா மாதிரி, ஷெல் மாதிரி எதைப் பார்த்தாலும் தட்டாதீர்கள், வெட்டாதீர்கள், உலையில் போடாதீர்கள்.

பன்றித் தொல்லைக்குச் சட்டப்படி வழி இருக்கிறது. கேரளத்தில் 2022 மே மாதத்திலிருந்து, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்கே உண்டு; உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர் வந்து சுடுவார். தாமதமாகும், அலைய வேண்டியிருக்கும், அதை மறுக்கவில்லை. அதற்காகப் பன்றிப் படக்கமும் (தீனிக்குள் வைக்கும் வெடி) கள்ளத் தோட்டாவும் வேண்டாம். 2020 மே மாதம் பாலக்காடு மண்ணார்க்காடு பக்கம் வெடியைக் கடித்து வாய் கிழிந்து, ஆற்றில் நின்றபடியே செத்த கர்ப்பிணி யானையை மறந்திருக்க மாட்டீர்கள்.

பரணிலோ தோட்டத்திலோ பழைய தோட்டா கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள், துடைக்காதீர்கள், பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு 112க்கு அடியுங்கள்.