பின்னிருந்து எண்ண வேண்டிய நாட்கள்

கண்டி வீதியில் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையே அமைந்த கனகராயன்குளத்திலே, விவாகமாகி ஒரு வருஷம் சென்றும் மடி நிறையாத பெண்ணைக் கோயில் வாசலிலும் கிணற்றடியிலும் கண்டு, "இன்னும் விசேஷம் ஒண்டும் இல்லையோ பிள்ளை?" என்று கேட்பவர்கள், அன்பினாலேயே கேட்பதாக மெய்யாகவே நம்புகிறார்கள். அக்கேள்வி அவள் ஒருத்தியிடம் மாத்திரமே கேட்கப்படுகிறது என்பதும், வயலிலிருந்து வரும் அவள் கணவனை வழிமறித்து ஒருவரும் அதைக் கேட்பதில்லை என்பதும் அவர்கள் சிந்தையிலே படுவதில்லை.

சூலகத்திலிருந்து சூல் வெளிப்படும் அந்த ஒரு நாளைப் பற்றியே இவ்வாரம் ஆராய விரும்புகிறேன். ஏனெனில், விரதங்களையும் நேர்த்திகளையும் தவறாது அனுஷ்டிக்கும் தம்பதிகளிற் பலர் இந்நாளை மாத்திரம் பிழையாகக் கணித்துவருகிறார்கள். மாதவிலக்குத் தொடங்கியதிலிருந்து பதினாலாம் நாள் என்பதே எல்லோருக்கும் பழக்கமான கணக்கு. முன்னிருந்து எண்ணும் இவ்வழக்கம் மிகப் பழையது. ருதுவின் முதல் நாள் தொட்டுப் பதினாறு இரவுகளை ருதுகாலமாக வகுத்து, அவற்றுள் முதல் நான்கை விலக்கிய மனுதர்ம சாஸ்திரமும் அவ்வாறே எண்ணிற்று. 1924 இல் ஜப்பானிய வைத்தியர் கியூசாக்கு ஒகினோ, சத்திரசிகிச்சைகளின்போது சூலகங்களை நேரிற் பார்த்து ஆராய்ந்து, இக்கணக்கைத் தலைகீழாக்கினார்: சூல் வெளிப்படுவது அடுத்த மாதவிலக்குக்கு முந்திய பன்னிரண்டாம் நாளுக்கும் பதினாறாம் நாளுக்கும் இடையிலே என்றார் அவர்.

இதன் காரணம் எளிது. மாதவிலக்குச் சக்கரத்திற் சூல் முதிரும் முற்பகுதி, காய்ச்சலாலும் கவலையாலும் பட்டினியாலும் நீளக்கூடியது. சூல் வெளிவந்த பின்னுள்ள பிற்பகுதியோ, பெரும்பாலும் இரண்டு வாரமளவில் நிலைத்து நிற்பது. ஆகவே, இருபத்தெட்டு நாட் சக்கரமுடையவளுக்குப் பதினாலாம் நாள் பொருந்தலாம். முப்பத்தைந்து நாட் சக்கரமுடையவளுக்குச் சூல் வெளிப்படும் நாள் இருபத்தோராம் நாளை அண்டியே வரும். அவள் பதினாலாம் நாளையே நம்பி மாதங்களைக் கழித்துவிட்டுத் தன்னை மலடி என்று நொந்துகொள்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

வெளிப்பட்ட சூல் ஒரு நாளுக்கு மேல் உயிர்த்திராது. ஆணின் விந்தணுக்களோ பெண்ணுடலில் ஐந்து நாள் வரை உயிரோடிருக்கக்கூடும். சூல் வெளிப்படும் நாளில் முடிவடையும் ஆறு நாட்களே கருத்தரிக்க உகந்தவை என்பதை அமெரிக்காவில் அலன் வில்கொக்சும் அவர்தம் சகாக்களும் 1995 இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்கிற்று. கொழும்பில் வேலைசெய்து லீவில் வந்துபோகும் கணவன் வீட்டிலிருக்கும் நாட்கள் அந்த ஆறு நாட்களோடு கூடாமற் போனால், குறை யாருடைய உடலிலும் இல்லை.

அடுத்த மாதவிலக்கின் திகதி முன்கூட்டித் தெரியாதாகையால், கடந்த பல மாதங்களின் திகதிகளைக் கலண்டரிற் குறித்து வைத்தே உத்தேசிக்க வேண்டும். உடலும் அடையாளம் காட்டும்: உகந்த நாட்களில் வெளிப்படும் வெள்ளை, பச்சை முட்டையின் வெள்ளைக்கருவைப் போல் வழுவழுப்பாக இழுபடும். காலையில் எழுமுன் பார்க்கும் உடல்வெப்பம் சற்றே உயர்வதும் உண்டு. ஆனால் அது சூல் வெளிப்பட்ட பின்னரே உயர்வதால், அம்மாதத்துக்கு உதவாது. பாமசியில் விற்கும் சிறுநீர்ச் சோதனைத் துண்டு ஒன்றரை நாளளவு முன்னரே அறிவிக்கும். இவையெல்லாம் சிரமமென்று எண்ணுவோர், இரண்டு மூன்று நாட்களுக்கொருமுறை கூடினாலே போதும்.

பட்டினி சூலகத்தை ஓயச்செய்யும் என்பதை 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தைப் பீடித்த பஞ்சம் காட்டிற்று. பெண்கள் பலருக்கு மாதவிலக்கு நின்றது, பிறப்புகள் வெகுவாகக் குறைந்தன, உணவு வந்ததும் மீண்டும் பெருகின. இடம்பெயர்ந்து பசித்திருந்த வன்னித் தாய்மாருக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை. அதே நெதர்லாந்தின் உதவியோடுதான் கிளிநொச்சி வைத்தியசாலையில் பெண்கள் நலத்துக்கான சிகிச்சை நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது.

ஒரு வருஷம் முயன்றும் கர்ப்பம் தரிக்காவிடில், மனைவிக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்து வைத்தியரை நாட வேண்டும். அதற்கு முன்னரே தம் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பேசலாம். கருத்தரிக்குமுன் தொடங்க வேண்டிய போலிக்கமில மாத்திரையைப் பற்றியும் அவர் சொல்லுவார். பிள்ளை தங்காத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரிடத்தில் ஆணின் பக்கத்திலும் காரணம் உண்டு. விந்துப் பரிசோதனையோ நோவற்றது, இலகுவானது. எனவே மனைவியைக் கடுஞ்சோதனைகளுக்கு அனுப்புமுன் கணவனே முதலில் அதைச் செய்வித்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். அப்பரிசோதனையின் முறையையும், அதன் எண்களை எவ்வாறு வாசிப்பது என்பதையும் அடுத்த இதழிற் கூறுவேன்.