பாய்மரப் படகில் தானோட்டிக் கட்டுப்பாட்டுப் பலகை

பாய்மரப் படகொன்றைச் சுக்கானியின் கை இன்றியே குறித்த திசையில் செலுத்தும் கருவி தானோட்டி அல்லது ஆட்டோபைலட் எனப்படும். திசையுணரி, கணிப்பகுதி, சுக்கானை அசைக்கும் இயக்கி, பொத்தான்களும் சிறு திரையும் கொண்ட கட்டுப்பாட்டுப் பலகை என்பன இதன் முதன்மை உறுப்புகள். சுக்கான் கோலில் மாட்டும் சிறிய வகைகளில் இவை யாவும் ஒரே உறைக்குள் அடங்கியிருப்பதும் உண்டு. ஏனைய படகுகளில் பலகையை எங்கே பொருத்துவது என்ற கேள்வி எழுகிறது.

பலகையின் இடம்

தானோட்டியை இயக்கவும் விடுவிக்கவும் உரிய பொத்தான்களோடு, திசையை 1 அல்லது 10 பாகை இடமோ வலமோ மாற்றும் பொத்தான்களும் பலகையில் பொதுவாகக் காணப்படும். இவற்றுள் விடுவிக்கும் பொத்தானே பலகையின் இடத்தைத் தீர்மானிக்கிறது எனலாம். எதிரே மிதக்கும் மரக்கட்டையோ மீன்வலை மிதவையோ தென்பட்டால், அதை அழுத்திச் சுக்கானைக் கையில் எடுக்கச் சில நொடிகளே கிடைக்கும். ஆகவே சுக்கானி வழக்கமாக அமரும் இடத்திலிருந்து எழாமலே எட்டும் தொலைவில் பலகை இருத்தல் வேண்டும். சக்கரம் கொண்ட படகுகளில், சக்கரத்தைத் தாங்கும் தூண் இதற்கு ஏற்றது.

பயண அறையின் பின்சுவரில் அலைத்தெறிப்பு குறைவு. பிற அளவிகளும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். எனினும் சக்கரத்தருகே தனியே நிற்பவருக்கு அது எட்டாமல் போகலாம். சுக்கானியின் இருக்கையை ஒட்டிய பக்கச்சுவரில் தாழப் பொருத்தினால், காலோ கயிறோ பட்டுப் பொத்தான் அழுந்திவிடக்கூடும். காற்று நேர் பின்னிருந்து வீசும்போது 10 பாகைத் தவறான திருப்பமே பாயை எதிர்ப்பக்கம் வீசியடிக்கப் போதுமானது. அப்போது பாயின் அடித்தண்டு தலையில் பட்டு உயிரிழந்தோரும் உளர். உள்ளறையில் இரண்டாவது பலகை வைத்திருப்போர், மேலே நிற்பவருக்குச் சொல்லாமல் திசையை மாற்றினாலும் இதே ஆபத்து நேரும்.

திசையுணரி

திசையுணரி புவியின் காந்தப்புலத்தை அளப்பது. ஆதலால் படகின் ஆட்டம் குறைந்த நடுப்பகுதியில், இரும்பு, ஒலிபெருக்கி, மின்கம்பிகள் ஆகியவற்றிலிருந்து விலக்கி இது பொருத்தப்படுகிறது. பின்னாளில் அருகிலுள்ள பெட்டியறையில் உணவுத் தகரங்களை அடுக்கினாலும் படகின் போக்கு பிறழலாம். எஃகு உடல் கொண்ட படகுகளில் உணரியைப் பாய்மரத்தின் மேல் பொருத்துவதும் உண்டு.

தனிப்பயணம்

தனியே செல்பவர் கடலில் விழுந்தால், தானோட்டி படகைத் தொடர்ந்து செலுத்திக்கொண்டே போகும். பலகை எங்கிருந்தாலும் பயனில்லை. இதற்கெனவே உடலில் அணியும் கம்பியில்லாக் கருவிகள் உள்ளன. அவற்றின் தொடர்பு அறுந்தால் சில தானோட்டிகள் படகைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி அதன் வேகத்தைத் தணிக்கின்றன.