கோடு போடும்போதே கேட்க வேண்டும்

சொந்த வீடு கட்டுவது பெரும்பாலான குடும்பங்களுக்கு வாழ்நாளில் ஒருமுறை நடக்கும் காரியம். சேர்த்த பணம், வாங்கிய கடன், அடகு வைத்த நகை எல்லாம் அதில்தான் போகின்றன. ஆனால், வீட்டின் வரைபடத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள்? பல இடங்களில் வீட்டுக்காரரும் கொத்தனாரும் மட்டுமே பேசி முடித்துவிடுகிறார்கள். மற்றவர்கள் சுவர் எழும்பிய பிறகுதான் பார்க்கிறார்கள்.

அப்போது குறை சொல்லிப் பயனில்லை. காகிதத்தில் போட்ட கோட்டை ரப்பரால் அழித்துவிடலாம். சுவரை இடிக்கக் கூலி கொடுக்க வேண்டும். மறுபடியும் கட்டச் செங்கல்லும் சிமெண்டும் வாங்க வேண்டும்.

வரைபடத்தைப் புரிந்துகொள்வது

கூரையை எடுத்துவிட்டு மேலிருந்து பார்த்தால் வீடு எப்படித் தெரியும்? அதுதான் வரைபடம். இரட்டைக் கோடு சுவரைக் குறிக்கும். கோட்டின் நடுவே உள்ள இடைவெளி கதவைக் குறிக்கும். அதன் அருகே உள்ள வளைவு, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதைக் காட்டும்.

காகிதத்தில் பார்த்துப் புரியாதவர்களுக்கு எளிய வழி உண்டு. மனையில் முளை அடித்துக் கயிறு கட்ட வேண்டும். கயிற்றின் ஓரமாகச் சுண்ணாம்புத் தூளால் கோடு போட வேண்டும். அறைகளை உண்மையான அளவில் போட வேண்டும். கட்டில் இருக்கும் இடத்தில் கட்டிலையே கொண்டுவந்து போடலாம். பிறகு எல்லோரும் உள்ளே நடந்து பார்க்கலாம்.

ஆளுக்கு ஒரு கண்

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, பாட்டி, ஒரு மகள், ஒரு மகன். மனையில் கோடு போட்டாயிற்று. எல்லோரும் வந்து பார்க்கிறார்கள்.

மனைவி சமையலறைக் கோட்டுக்குள் நிற்கிறாள். "என்னங்க, இங்கே ஜன்னலே இல்லையே! புகை எப்படி வெளியே போகும்? தண்ணீர்க் குடத்தை முன்னறை வழியாகவா தூக்கி வரணும்?" என்று கேட்கிறாள்.

பாட்டி மெதுவாக நடந்து பார்க்கிறாள். "ஏம்ப்பா, கழிப்பறை கொல்லைக் கோடியில் இருக்கிறதே. ராத்திரி இருட்டில் நான் எப்படிப் போவேன்? விழுந்தால் யார் தூக்குவது?" என்கிறாள்.

மகள் தயங்கித் தயங்கிச் சொல்கிறாள். "அப்பா, கழிப்பறைக் கதவு தெருவைப் பார்த்து இருக்கு. எல்லாருக்கும் தெரியும்."

கணவனுக்கு இவை ஒன்றும் தோன்றவில்லை. அவன் சமைப்பதில்லை. இருட்டில் தடுமாறி நடப்பதில்லை. வீட்டில் எந்த வேலையை யார் செய்கிறார்களோ, அதில் உள்ள கஷ்டம் அவர்களுக்குத்தான் தெரியும். அதனால்தான் எல்லோரையும் கேட்க வேண்டும்.

கோட்டை அழித்து மாற்றுகிறார்கள். சமையலறைக்கு ஜன்னலும் பின்வாசலும் வருகின்றன. கழிப்பறை வீட்டை ஒட்டி வருகிறது. அதன் கதவு திரும்புகிறது. செலவு ஒரு கை சுண்ணாம்புத் தூள்தான்.

கொத்தனாரும் ஒன்று சொல்கிறார். "10 அடி அறை என்று சொன்னீர்கள். இது வெளி அளவு. இரண்டு பக்கமும் 9 அங்குலச் சுவர் வரும். உள்ளே எட்டரை அடிதான் இருக்கும்." இதைக் கேட்காமல் இருந்தால், குடிபோன பிறகுதான் தெரிந்திருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரரையும் கேட்பது நல்லது. கூரைத் தண்ணீர் யார் பக்கம் விழும், சாக்கடை எந்த வழியாகப் போகும் என்று முன்பே பேசிவிட்டால் பின்னால் சண்டை வராது.

எதை யாரிடம் கேட்பது?

மகனுக்கு ஓர் ஆசை. வீட்டு மூலையை ஒட்டிப் பெரிய ஜன்னல் வேண்டும் என்கிறான். பொறியாளர் வேண்டாம் என்கிறார். மூலையை ஒட்டித் திறப்பு வைத்தால் சுவர் பலம் குறையும். நில நடுக்கத்தில் அந்த இடம் முதலில் விரியும். எப்படி வாழ்வது என்பதைக் குடும்பம் சொல்ல வேண்டும். எது உறுதி என்பதைப் பொறியாளர் சொல்ல வேண்டும்.

இரண்டும் தேவை என்பதை நாடு பட்ட துன்பமே காட்டுகிறது. 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் மகாராஷ்டிர மாநிலம் கில்லாரி பகுதியில் நில நடுக்கம் வந்தது. மண் சாந்து வைத்துக் கட்டிய கனமான கல் சுவர்கள் சரிந்தன. தூங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தனர். பிறகு பல ஊர்கள் வேறு இடத்தில் புதிதாகக் கட்டப்பட்டன. நேர் தெருக்களில் ஒரே மாதிரி வீடுகள் எழுந்தன. ஆனால் முற்றம் வைத்த வீட்டில் மாட்டோடும் தீவனத்தோடும் வாழ்ந்த உழவர்கள் பலருக்கு அவை பொருந்தவில்லை.

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் நில நடுக்கம் வந்தது. அங்கே பெரும்பாலான குடும்பங்கள் அரசின் உதவித் தொகையைத் தவணைகளில் பெற்றுத் தாங்களே வீடு கட்டிக்கொண்டன. பொறியாளர்கள் உறுதியைப் பார்த்தனர். வீட்டின் அமைப்பில் குடும்பத்தின் விருப்பத்துக்கும் இடம் இருந்தது.

சிறிய வீட்டுக்கு இன்னும் கவனம்

2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் வீட்டின் அளவு குறைந்தது 25 சதுர மீட்டர் இருக்க வேண்டும். அதாவது சுமார் 270 சதுர அடி. சமையலுக்கான இடமும் இதில் அடங்கும். இவ்வளவு சிறிய வீட்டில் ஒரு கதவு தவறான பக்கம் திறந்தாலே கட்டில் போட இடம் இருக்காது. வீடு சிறிதாக இருந்தால் யோசனை அதிகம் வேண்டும்.

கேட்பதால் வீட்டுக்காரரின் மதிப்பு குறையாது. எல்லோருடைய சொல்லும் சேர்ந்து எழும்பும் வீட்டை எல்லோரும் தம் வீடு என்று நினைப்பார்கள்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் எந்த இடம் யாருக்குக் கஷ்டமாக இருக்கிறது?
2. அந்த வீட்டைக் கட்டும்போது அவரிடம் யாராவது கேட்டார்களா?
3. உங்கள் வீட்டின் வரைபடத்தைத் தரையில் போட்டுப் பாருங்கள். எதை மாற்றுவீர்கள்?