கிறுகினா என்ன பிழை?

சென்ற வருடம் ஒரு பேச்சுப் போட்டிக்காகக் கொழும்புக்குப் போயிருந்தேன். காத்தான்குடியில் இரவு பஸ் ஏறி, விடியும்போது போய்ச் சேர்ந்தோம். மண்டபத்துக்கு வழி தெரியவில்லை. வாசலில் நின்ற மாணவிகளிடம், "இவடத்தால கிறுகினா மண்டபத்துக்குப் போகலாமா?" என்று கேட்டேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி "கிறுகினாவா?" என்று திருப்பிச் சொன்னாள். பிறகு வழியையும் காட்டிவிட்டாள். அவள் கெட்ட பிள்ளை அல்ல. ஆனாலும் அன்று முழுவதும் தெரியாத ஒருவரோடும் நான் கதைக்கவில்லை. மேடையில்கூட ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் நிறுத்திப் பார்த்துத்தான் வெளியே விட்டேன். மணி அடித்தபோது என் பேச்சு பாதியில் நின்றது.

வீட்டுக்கு வந்த பிறகு, எங்கள் தமிழில் அப்படி என்ன பிழை இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன். தேடியதில் கிடைத்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

கிறுகுவது என்றால் திரும்புவது. தலை சுற்றும்போது "தலை கிறுகிறுக்கிறது" என்று சொல்வதை யாரும் பிழை என்பதில்லை. எங்கள் கிறுகு அதற்கு உறவான சொல். "பிறகு" என்பதற்கு நாங்கள் "மறுகா" என்கிறோம். மறுநாள், மறுபடி என்று பரீட்சைத் தாளில் எழுதுகிறோமே, அதே "மறு"தான் இதிலும் இருக்கிறது. முடியாது என்பதற்கு என் உம்மும்மா "ஒண்ணா" என்பார். "இனி எனக்கு நடக்க ஒண்ணா புள்ள" என்பது அவருடைய அன்றாடப் பேச்சு. பத்திரிகைகள் "சொல்லொண்ணாத் துயரம்" என்று எழுதும்போது அது இலக்கியம். உம்மும்மா சொன்னால் மட்டும் எப்படி அது நாட்டுப்புறம் ஆகும்?

செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் இலங்கைத் தமிழை ஆராய்ந்து 1960களில் எழுதியபோது, பேச்சுத் தமிழ்களுள் எழுத்துத் தமிழுக்கு மிக நெருக்கமானது மட்டக்களப்புத் தமிழ்தான் என்று குறிப்பிட்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931இல் பதவியேற்ற சுவாமி விபுலாநந்தர் காரைதீவில் பிறந்தவர். எங்கள் பேச்சைக் கேட்டு வளர்ந்த ஒருவர்தான் இந்தியாவுக்குப் போய்த் தமிழ் கற்பித்தார்.

இவற்றை அறிந்தபோது எனக்குப் பெருமை வந்தது. அந்தப் பெருமையோடு இந்தக் கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் அப்போதுதான் ஒரு பழைய ஞாபகமும் வந்தது.

பத்தாம் தரத்தில் கண்டிப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி எங்கள் வகுப்புக்கு வந்தாள். நாங்கள் "இரிக்கி" என்பதை அவள் "ஈக்கிது" என்பாள். "போயிட்டு வாறன்" என்பதை "பெய்த்து வாரன்" என்பாள். தன் அண்ணனை "நானா" என்பாள். நாங்கள் "காக்கா" என்றபோது அவளும் முதலில் சிரித்தாள்தான். ஆனால் நாங்கள் முப்பது பேர், அவள் ஒருத்தி. அவள் வாய் திறந்தாலே பின்வரிசையிலிருந்து "ஈக்கிது, ஈக்கிது" என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் என் குரலும் இருந்தது. கொஞ்ச நாளில் அவள் கேள்வி கேட்பதை நிறுத்தினாள். அடுத்த வருடம் வேறு பாடசாலைக்குப் போய்விட்டாள். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

"இருக்கிறது" என்ற சொல்லை நாங்கள் ஒரு விதமாகச் சுருக்கினோம், அவளுடைய ஊர் இன்னொரு விதமாகச் சுருக்கியது. வேறுபாடு அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் "என்ர" என்பார்கள், நாங்கள் "என்ட" என்போம். நாங்கள் இழந்துவிட்ட ஒன்றை அவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இது, அது என்பவற்றோடு "உது" என்றும் சொல்கிறார்கள். அ, இ, உ என்ற மூன்றையும் சுட்டெழுத்துகள் என்று தொல்காப்பியம் சொல்வதை நாங்கள் இலக்கணப் பாடத்தில் மனனம் செய்கிறோம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை அதை வீட்டிலேயே பேசுகிறாள். அப்படியென்றால் எந்த ஊர்த் தமிழ் சரி, எந்த ஊர்த் தமிழ் பிழை?

இந்தச் சிரிப்பு நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்க ஆங்கிலம் என்று நாம் ஒன்றாகச் சொல்கிறோம். ஆனால் அங்கேயும் குளிர்பானத்துக்கு வடகிழக்கில் "சோடா" என்றும், நடுமேற்கில் "பொப்" என்றும், தெற்கில் எந்த நிறத்தில் இருந்தாலும் "கோக்" என்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் 1962இல் நியூயோர்க்கில் மூன்று பெரிய கடைகளுக்குப் போனார். ஒன்று விலை உயர்ந்தது, ஒன்று நடுத்தரம், ஒன்று மலிவு. நான்காம் மாடியில் உள்ள ஒரு பகுதி எங்கே என்று அங்குள்ள பணியாளர்களிடம் கேட்டார். "ஃபோர்த் ஃப்ளோர்" என்ற பதிலில் "ர்" ஒலிக்கிறதா என்பதையே அவர் கவனித்தார். விலை உயர்ந்த கடையில் அது கூடுதலாகவும், மலிவான கடையில் குறைவாகவும் கேட்டது. விளங்காதவர்போல அவர் மறுபடி கேட்டபோது, பலர் முன்பைவிடக் கவனமாக "ர்" சேர்த்துச் சொன்னார்கள். தன் பேச்சை ஒருவர் கவனிக்கிறார் என்று தெரிந்தால் நாக்கு உடனே மாறிவிடுகிறது. கொழும்பு மேடையில் என் நாக்குக்கு நடந்ததும் அதுதான்.

ஊருக்கு ஊர் சொல் மட்டுமல்ல, தெரியாத ஆளோடு பழகும் முறையும் மாறுகிறது. அமெரிக்காவின் தெற்குச் சிற்றூர்களில் வழியில் காண்பவருக்கு ஒரு வணக்கம் சொல்வது மரியாதை. நியூயோர்க் நெரிசலில் மற்றவரைத் தொந்தரவு செய்யாமல் விடுவதே மரியாதை. எங்கள் வாவிக்கரை முதலாவது வகை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் பெயரைக் கேட்பதற்கு முன்னமே, "புள்ள எந்த ஊரு? யாருட மகள்?" என்று கேட்பார். முன்பு "எந்தக் குடி?" என்றும் கேட்பார்களாம். தாய்வழியாக வரும் குடி முறை இங்கே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது. கடைக்காரர் காக்கா, பக்கத்தில் இருப்பவர் ராத்தா, தமிழ் ஊர் என்றால் அண்ணன், அக்கா. முன்பின் தெரியாதவரையும் முதல் சொல்லிலேயே உறவாக்கிவிடுகிறோம். அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் ஸலாம் சொல்லும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததும் இங்கே நினைவுக்கு வருகிறது.

ஆனால் எல்லாக் காலத்திலும் இது இலகுவாக இருக்கவில்லை. "தெரியாத ஆக்களோட கதைக்காத" என்று என் உம்மா அடிக்கடி சொல்வார். அவரோ கல்லடிப் பாலம் வருவதற்குள் பக்கத்துச் சீட்டுக்காரியின் குடும்பம் முழுவதையும் அறிந்துவிடுவார்! ஒருநாள் இதைச் சொல்லிச் சிரித்தேன். உம்மா சிரிக்கவில்லை. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி எங்கள் ஊர்ப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்ட நேரம் அவர் சிறுபிள்ளை. அந்த வருடங்களில் முஸ்லிம் ஊர்களிலும் தமிழ் ஊர்களிலும் மையித்துகளும் பிரேதங்களும் விழுந்தன. "பஸ்ஸில வாயத் திறக்கப் பயம். வாப்பா என்டாலும் அப்பா என்டாலும் ஆரென்டு தெரிஞ்சிரும்" என்றார். நான் வெட்கத்தால் மௌனமானேன். அவர்கள் உயிருக்குப் பயந்து மௌனமானார்கள். அதை அறிந்த பிறகுதான், உம்மா இன்று பஸ்ஸில் கதைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு விளங்கியது.

பெற்றோரின் எச்சரிக்கையை நான் குறை சொல்லவில்லை. பெண்பிள்ளைகள் ஆளையும் இடத்தையும் பார்த்துத்தான் கதைக்க வேண்டும். ஆனால் கவனமாக இருப்பது வேறு, நம் பேச்சை நினைத்துக் கூச்சப்படுவது வேறு.

வாவியைக் கடக்கும் மிதவையை இந்தப் பக்கத்தில் "பாதை" என்கிறோம். மற்ற ஊர்களில் பாதை என்றால் தெருதான். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை, அந்தத் துறையில் படுவான்கரைக்குப் போகிறவர்கள் பாதையில் ஏறித்தான் போனார்கள். வெளியூர் ஆள் "பாதையில ஏறுறதா?" என்று முழித்தால், சிரித்துவிட்டு விடக்கூடாது, விளக்கிச் சொல்ல வேண்டும். அவர் சொல்வது நமக்கு விளங்காவிட்டால் நாமும் கேட்க வேண்டும்.

போன மாதம் பஸ்ஸில் ஒரு வயதான தமிழ் அம்மா என் பக்கத்தில் இருந்தார். ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்று கேட்டார். "பாலம் தாண்டி டவுண்ல இறங்கி, அவடத்தால கிறுகுங்க அம்மா" என்றேன். அவருக்கு உடனே விளங்கியது. "மறுகா?" என்று கேட்டார். மிச்ச வழியையும் சொன்னேன்.

சகோதரிகளே, அடுத்த தவணையில் உங்கள் வகுப்புக்கு வேறு ஊர்ப் பிள்ளை ஒருத்தி வரக்கூடும். அவளுடைய சொல்லைத் திருப்பிச் சொல்லிச் சிரிக்காதீர்கள். அதற்கு அர்த்தம் என்னவென்று கேளுங்கள். நான் ஒருத்தியிடம் கேட்காமல் விட்டதை நீங்கள் கேளுங்கள்.