கூடப்பிறந்தவர் இரத்தம் சேருமா?

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒருவருக்கு ஆபரேஷன் என்று வைத்துக்கொள்வோம். இரத்தம் வேண்டும் என்கிறார் டாக்டர். "நான் கூடப்பிறந்தவன். என் இரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று தம்பி கை நீட்டுகிறார். நல்ல மனசுதான். ஆனால் அந்த இரத்தம் சேருமா? சோதித்த பிறகுதான் சொல்ல முடியும்.

இரத்தம் எல்லோருக்கும் சிவப்பு. அதில் கண்ணுக்குத் தெரியாத சிவப்பணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு அணுவின் மேலும் பல அடையாளப் பொருள்கள் உண்டு. அவற்றை ஆன்டிஜென் என்பார்கள். ஏ என்ற அடையாளம் இருந்தால் ஏ வகை. பி இருந்தால் பி வகை. இரண்டும் இருந்தால் ஏபி. இரண்டும் இல்லாவிட்டால் ஓ. இப்படி வகைகள் உண்டு என்பதை 1901-இல் வெளியிட்டவர் கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்ற டாக்டர். டி என்று இன்னோர் அடையாளம் இருக்கிறது. அது இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ்.

சேராத இரத்தத்தை ஏற்றினால் உடம்பு சும்மா இருக்காது. வந்த அணுக்களை அழிக்கும். சிறுநீரகம் கெடலாம். உயிரே போகலாம்.

அப்பா ஏ, அம்மா பி என்றால் ஒரு பிள்ளை ஏபி ஆகவும், இன்னொரு பிள்ளை ஓ ஆகவும் பிறக்கலாம். இதை வைத்து யாரும் தாயைச் சந்தேகப்படக் கூடாது!

2024-இல் கோலாரில் ஒரு பெண்ணுக்கு இதய ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. அவருக்கு ஓ பாசிட்டிவ். நிறையப் பேருக்கு உள்ள வகைதான். ஆனாலும் எந்த ஓ பாசிட்டிவ் இரத்தமும் சேரவில்லை. பெங்களூரில் உள்ள ரோட்டரி டி.டி.கே. இரத்த மையத்தில் பரிசோதனை நடந்தது. குடும்பத்தார் 20 பேரின் இரத்தத்தையும் பார்த்தார்கள். ஒன்றுகூடச் சேரவில்லை. டாக்டர்கள் மிகக் கவனமாக, இரத்தம் ஏற்றாமலே ஆபரேஷனை முடித்தார்கள்.

மாதிரி இரத்தம் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்குப் போனது. பத்து மாதம் ஆராய்ந்தார்கள். மற்றவர்களுக்கு இருக்கும் ஓர் அடையாளம் அந்தப் பெண்ணுக்கு இல்லை என்று தெரிந்தது. உலகத்தில் அதுவரை யாரும் அறியாத அடையாளம் அது. 2025 ஜூனில் அதை அறிவித்தார்கள். 'கிரிப்' என்று பெயர். அதன் கடைசி இரண்டு ஆங்கில எழுத்துகள் இந்தியாவையும் பெங்களூரையும் குறிக்கும்.

வகை ஒன்றாக இருந்தாலும், ஏற்றுவதற்கு முன் இருவர் இரத்தத்தையும் சேர்த்துப் பார்ப்பது இதற்காகத்தான். அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். அவசரப்பட்டுச் சண்டை போடக் கூடாது.

தம்பியின் இரத்தம் அண்ணனுக்குச் சேராவிட்டாலும் வீணாகாது. இரத்த வங்கி அதை வாங்கி வைத்து, பொருந்துகிற வேறு நோயாளிக்குக் கொடுக்கும்.