காய்ந்த பள்ளத்தில் திடீர் வெள்ளம்!

மழை பெய்வது மலையில், ஆபத்து அடிவாரத்தில்

சத்தியமங்கலத்தில் பஸ் ஏறி, கடம்பூர் மலைக்குப் போய், அதையும் தாண்டிக் காட்டு வழியே சென்றால் மாக்கம்பாளையம் என்ற ஊர் வருகிறது. போகிற வழியில் இரண்டு பள்ளங்கள் குறுக்கிடுகின்றன. ஒன்று குரும்பூர்ப் பள்ளம். இன்னொன்று சர்க்கரைப் பள்ளம்.

பள்ளம் என்றதும் வெளியூர்க்காரர்கள் குழி என்று நினைத்துவிட வேண்டாம். கொங்கு நாட்டில் காட்டோடைக்கும் சிற்றாற்றுக்கும் பள்ளம் என்றுதான் பெயர்.

கோடையில் பார்த்தால் அதில் மணலும் கல்லும்தான் கிடக்கும். ஆடு மாடுகள் குறுக்கே நடக்கும். செருப்புக்கூட நனையாது. "இதற்கா பாலம் கேட்கிறார்கள்?" என்று புதிதாக வருகிறவர் கேட்பார்.

மலையில் ஒரு பெருமழை பெய்யட்டும், அப்போது தெரியும்! செம்மண் நீர் இரு கரையும் தொட்டுக்கொண்டு பாய்ந்து வரும். பஸ் நின்றுவிடும். பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் அக்கரையில் நிற்பார்கள். தாய்மார்கள் இக்கரையில் நிற்பார்கள். பிரசவ வேதனையில் ஒரு பெண் இருந்தாலும் வண்டி போகாது. ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு அல்ல. பல ஆண்டுகள் இப்படி நடந்திருக்கிறது. பெயரில்தான் சர்க்கரை!

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. வெள்ளம் வரும்போது, பள்ளத்தின் அருகில் மழையே இல்லாமல் இருக்கலாம். தலைக்கு மேலே வெயில் அடிக்கும். எங்கோ மலையில் கொட்டிய மழை ஓடி வந்து ஆளை அடித்துக்கொண்டு போகும்.

தெங்குமரஹாடாவில் இது தெரிந்த கதை. மாயாற்றைப் பரிசலில் கடந்துதான் அந்த ஊர் மக்கள் வெளியே வந்து போனார்கள். ஊரில் ஒரு துளி மழை இராது. நீலகிரியில் மழை பெய்தால் மாயாறு பொங்கும், பரிசல் கரையேறிவிடும்.

கூரைத் தண்ணீர்க் கணக்கு

இந்த ஆபத்தை முன்கூட்டியே அளக்க முடியுமா? முடியும். அதற்குப் பள்ளத்தை மட்டும் பார்த்தால் போதாது. பள்ளத்துக்கு மேலே இருப்பதைப் பார்க்க வேண்டும்.

ஓட்டு வீட்டில் இரண்டு கூரைகள் சேரும் மூலை உண்டல்லவா? இரு பக்கத்து மழையும் அந்த மூலைக்குத்தான் வருகிறது. அதன் கீழே நிற்பவன் முழுக்க நனைவான். மலையும் அப்படித்தான். எந்தெந்தச் சரிவில் விழுகிற மழை ஒரு பள்ளத்தில் வந்து சேருகிறதோ, அத்தனை நிலமும் அந்தப் பள்ளத்தின் வடிநிலம்.

ஒரு சதுர கிலோமீட்டர் வடிநிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 5 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. விழுந்த தண்ணீர் எவ்வளவு தெரியுமா? 5 கோடி லிட்டர்! பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் டாங்கர் லாரியில் ஏற்றினால் 5,000 லாரி வேண்டும். பாதி மண்ணில் ஊறிப் போனாலும், மீதி 2,500 லாரித் தண்ணீர் பள்ளத்துக்கு வரும்.

எவ்வளவு வேகத்தில் வரும்? அதுதான் முக்கியம். மரம் அடர்ந்த காட்டில் சருகும் வேரும் தண்ணீரைப் பிடித்து நிறுத்தி, மெல்ல மெல்ல விடும். பாறையும் முள்செடியும் உள்ள வறண்ட சரிவு அப்படி விடாது. வெயிலில் இறுகிய மண், மழையின் முதல் வேகத்தைக் குடிப்பதில்லை, வழித்து விட்டுவிடுகிறது.

வடிநிலத்தின் உருவமும் கணக்கில் சேரும். கரும்புத் தோகை போல நீளமாக இருந்தால் கீழ்ப்பகுதித் தண்ணீர் முதலில் வரும், மேல்பகுதித் தண்ணீர் பிறகு வரும். பனையோலை விசிறி போல விரிந்திருந்தால் எல்லாக் கிளை ஓடைகளும் ஒரே நேரத்தில் காம்புக்கு வந்து சேரும். அங்கேதான் தரைப்பாலம் இருக்கிறது என்றால் கேட்கவே வேண்டாம்!

சென்னை மாகாணத்தின் சூத்திரம்

பழைய சென்னை மாகாணத்துக்கு என்றே ஒரு வெள்ளக் கணக்கு உண்டு. ரைவ்ஸ் என்ற இஞ்சினீயர் 1884-ல் வகுத்தது. வடிநிலத்தின் பரப்பைக் கொண்டு, வரக்கூடிய பெரிய வெள்ளத்தைச் சொல்லும் தோராயக் கணக்கு அது.

மலையை ஒட்டிய சிறு வடிநிலத்துக்கு அந்தக் கணக்கைப் போட்டால், ஒரு சதுர கிலோமீட்டருக்கு வினாடிக்குச் சுமார் 10,000 லிட்டர் வருகிறது. வினாடிக்கு ஒரு டாங்கர் லாரி! மேலே சொன்ன 2,500 லாரித் தண்ணீரும் இதே வேகத்தில் பாய்ந்தால் 42 நிமிடத்தில் ஓடி முடிந்துவிடும். காலையில் காய்ந்து கிடந்த பள்ளம் மதியத்தில் ஆளை விழுங்கி, மாலையில் மறுபடி மணலாகக் கிடப்பது இதனால்தான்.

அந்தச் சூத்திரத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வடிநிலம் 8 மடங்கு பெரிதானால் வெள்ளம் 8 மடங்கு ஆவதில்லை. 4 மடங்குதான் ஆகிறது. அப்படியானால், பரப்பைப் பார்க்கச் சிறு பள்ளமே அதிக முரடு. பெரிய ஆற்றுக்கு அஞ்சுகிற நாம் சின்ன ஓடையை அலட்சியம் செய்கிறோம்.

பாலைவனத்திலும் வெள்ளமா?

ஆம்! பாலைவனத்தில் தாகத்தால் மட்டும் மனிதன் சாவதில்லை, வெள்ளத்திலும் சாகிறான்.

ஜோர்டான் நாட்டில் பெட்ரா என்ற பழைய பாறை நகரம் இருக்கிறது. உள்ளே போக ஒரு குறுகலான மலைப் பிளவுதான் வழி. 1963 ஏப்ரலில் அந்தப் பிளவில் திடீரென்று வெள்ளம் புகுந்தது. 20-க்கு மேற்பட்ட பிரெஞ்சு யாத்திரிகர்கள் தப்ப வழியின்றி மாண்டார்கள். அந்த நகரை ஆண்ட நபதேயர்கள் இந்த ஆபத்தை அளந்து வைத்திருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிளவின் வாயில் அணை கட்டி, பாறையைக் குடைந்து, வெள்ளத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். பிற்காலத்தில் அது பாழாகிப் போனது. 1963-க்குப் பிறகு அணையை மறுபடி கட்டினார்கள்.

நம் நாட்டிலேயே ராஜஸ்தானில், பார்மர் பாலைவனத்தில், 2006 ஆகஸ்டில் பெருமழை பெய்தது. வறண்டு கிடந்த ரோகிலி ஆறு பெருக்கெடுத்துக் கவாஸ் கிராமத்தை மூழ்கடித்தது. மண்ணுக்கு அடியில் ஜிப்சம் படிவு இருந்ததால், தேங்கிய தண்ணீர் மாதக் கணக்கில் இறங்கவில்லை. மணல்தானே, உறிஞ்சிவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்ததைப் பலர் படித்திருப்பீர்கள். குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் திடீர் வெள்ளம் இறங்கி, 17 வயது மாணவன் ஒருவனைக் கொண்டுபோயிற்று.

மரக்கிளையில் இருக்கும் சாட்சி

சூத்திரம் தெரியாதவர்களும் பள்ளத்தைப் படிக்கலாம். கரையோர மரங்களை அண்ணாந்து பாருங்கள். கிளையில் சருகும் குப்பையும் சிக்கியிருக்கிறதா? முன்பு வந்த வெள்ளத்தின் மட்டம் அது. பள்ளத்தில் உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் கிடக்கின்றனவா? அவை தாமாக நடந்து வரவில்லை! தண்ணீரின் வேகம் இரு மடங்கானால் அதன் தள்ளும் பலம் நாலு மடங்காகும். முழங்கால் அளவு வெள்ளம் பெரிய ஆளையும் சாய்த்துவிடும். இரண்டடி வெள்ளத்தில் கார் மிதக்கத் தொடங்கும்.

இஞ்சினீயர்களும் இந்த அடையாளங்களைக் குறித்துக்கொள்கிறார்கள். ஊர்ப் பெரியவர்களின் ஞாபகத்தையும் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். செயற்கைக் கோள் படத்தில் வடிநிலத்தின் எல்லையை வரைந்துவிடலாம். மழையை அளப்பதுதான் கஷ்டம். ஒரு குன்றில் கொட்டுகிற மழை அடுத்த குன்றில் தூறுவதுகூட இல்லை. மழைமானி எந்தக் குன்றில் இருக்கிறதோ, அதன் மழைதான் கணக்கில் ஏறும். பள்ளம் பள்ளமாக மலை மேல் மழைமானி வைத்து, மழை கொட்டிய உடனே கீழே செய்தி வரும்படி செய்தால், அரை மணி நேரமாவது கிடைக்கும். ஒரு பஸ்ஸை நிறுத்த அது போதும்.

இன்னொரு ஆபத்து நாமே செய்துகொள்வது. பத்து வருஷம் காய்ந்து கிடந்த பள்ளம் மனைபோலத் தோன்றுகிறது. குடிசை எழும்புகிறது. குப்பை கொட்டப்படுகிறது. வழி குறுகக் குறுக, வருகிற தண்ணீர் உயர்ந்துகொண்டே போகும்.

மழைக் காலத்தில் பள்ளத்தைக் கடக்கப் போகிறீர்களா? முதலில் மலையைப் பாருங்கள். அங்கே கறுத்திருந்தால் மணலில் வண்டியை நிறுத்தாதீர்கள். சோறு கட்டிப் போய் அங்கே உட்காராதீர்கள். தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், மேலே இரைச்சல் கேட்டால், உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். மூட்டையை எடுக்கத் திரும்ப வேண்டாம். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும்போது, அடியில் ரோடு இருக்கிறதா, அரித்துப் போயிற்றா என்பது யாருக்கும் தெரியாது.

வெள்ளம் வடிகிறதா, ஏறுகிறதா என்று பார்க்க ஒரு குச்சி போதும். தண்ணீரின் ஓரத்தில் நட்டுவிட்டு, மேட்டில் போய் நில்லுங்கள். கால் மணி கழித்துப் பாருங்கள். தண்ணீர் குச்சியை விட்டு விலகியிருந்தால் வடிகிறது. குச்சியைக் காணவில்லையென்றால் இன்னும் மேலே ஏறிக்கொள்ளுங்கள்.